அந்தக் கடதாசியை யார் கொடுத்தது?
படக்கதைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

எழுத்துப்பிழை பார்க்கத்தான் உங்கள் படக்கதையின் 48 பக்கங்களையும் என்னிடம் தந்தீர்கள். பார்த்துவிட்டேன். பென்சிலால் குறித்து அதே பச்சை ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ரகரமும் றகரமும் கொஞ்சம் உதைக்கின்றன. 'கருப்பு', 'கறுப்பு' இரண்டும் மாறி மாறி வருகின்றன. நம் ஊர் வழக்கப்படி 'கறுப்பு' என்றே வைத்துவிடுங்கள். ஒரேயொரு பிழையை மட்டும் தெரிந்தே குறிக்காமல் விட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றதை உங்களோடு மட்டும் கதைத்து முடித்திருக்கலாம். ஆனால் போன மாதம் வெள்ளவத்தையில் அந்த மாடி மண்டபத்தில் படங்களைத் திரையில் காட்டி வாசித்தீர்களே, அன்றைக்குக் கறுப்பு ஹெல்மெட் முதல் ஆளைச் சுட்டதும் மண்டபமே கைதட்டியது. அறுபது பேராவது இருந்திருப்போம். நானும் தட்டினேன். இரண்டு தரம் தட்டிய பிறகுதான் கை நின்றது. அந்தக் கைதட்டலுக்கும் சேர்த்துப் பதில் எழுத வேண்டியிருப்பதால் மடலை ஒட்டாமல் விடுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாயகர்கள். முகத்துவாரத்து மீனவர் மகள் காற்றை ஏவுகிறாள். பம்பலப்பிட்டிப் பொடியன் ஒருவன் சுவரில் ஓடுகிறான். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட். அவர் கையைத் தூக்கினால் எது ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். (ஐம்பது தாண்டியவனுக்கும் ஒரு சக்தி கொடுத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.) இவர்களுக்கு எதிரே இரண்டு பேர். ஒருவன் கறுப்பு ஹெல்மெட். மோட்டார் சைக்கிளில் வருவான், சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துப் பெயர் பார்ப்பான், தூள் விற்கிறவனையும் கப்பம் வாங்குகிறவனையும் சுட்டுவிட்டுப் போய்விடுவான். மற்றவன் பழைய எதிரி. பத்து வருஷத்துக்கு முன் கிராண்ட்பாஸ் களஞ்சியம் எரிந்தபோது இந்த மூவரும் தன்னை உள்ளே விட்டுவிட்டு ஓடினார்கள் என்று நம்புகிறவன்.

பழைய எதிரியை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். 22ஆம் பக்கம் என் கண்ணிலேயே நிற்கிறது. கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடை, கண்ணாடித் தம்ளரில் பிளேன்டீ. அவனுடைய விரல்கள் தீயில் ஒட்டிப்போனவை, தம்ளரைப் பிடிக்க வராது. மேசையிலேயே தம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து வாயால் உறிஞ்சுகிறான். பக்கத்து மேசைச் சின்னப்பிள்ளை பார்க்கிறது. ஒரு வசனமும் இல்லை. அவன் ஏன் பழிவாங்க வருகிறான் என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. 23ஆம் பக்கத்தில் போட்டிருக்கும் விளக்கத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கறுப்பு ஹெல்மெட்டில்தான் என் பிரச்சினை. அவன் கொல்கிறான் என்பதற்காக இல்லை. கதை என்றால் கொலை வரும், மகாபாரதத்தில் இல்லாத கொலையா? அவன் ஒரு தரம்கூடப் பிழைவிடுவதில்லை, அதுதான். 11 பேரைச் சுடுகிறான், 11 பேரும் கெட்டவர்கள். அவனுடைய கடதாசி எப்போதும் சரி. ஏன் சரி என்றால், அதை எழுதியது நீங்கள்.

மூவரும் தாமரைக் கோபுர உச்சியில் அவனை மறிக்கும் கட்டத்துக்கு வருவோம். மீனவர் மகள் சொல்கிறாள்: "கொன்றால் அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" இந்த வசனத்தை நான் எத்தனை படத்தில் கேட்டிருப்பேன்! அதற்கு அவன் திருப்பிக் கேட்கிறான்: "நீங்கள் பிடித்துக் கொடுத்தவன் ஆறு மாதத்தில் பிணையில் வந்து நாலு பேரைக் கொன்றால், அந்த இரத்தம் யார் கையில்?" மூவரிடமும் பதில் இல்லை. ரயில்வே கார்ட் தலையைக் குனிகிறார், அடுத்த பக்கத்தில் அடிதடி தொடங்கிவிடுகிறது. பதில் தெரியாத இடத்தில் சண்டையைப் போட்டு நிரப்புவது உங்கள் குற்றம் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் பெரிய ஆட்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

சரி, பெரிய ஆட்களிடமே போவோம். துப்பாக்கியோடு திரியும் இந்த வகை ஆளுக்குப் பெரியப்பன் என்றால் அமெரிக்கப் படக்கதைகளில் வரும் பனிஷர். நானும் அவனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். 1974 பெப்ரவரி என்று திகதியிட்ட ஸ்பைடர்மேன் 129ஆம் இதழில் வருகிறான். எழுதியவர் ஜெரி கொன்வே, வரைந்தவர் ரோஸ் ஆன்ட்ரு, அந்த மண்டையோட்டு உடுப்பை வடிவமைத்தவர் ஜோன் ரொமிற்றா. முதல் கதையிலேயே அவன் யாரைக் கொல்லப் போகிறான் தெரியுமா? ஸ்பைடர்மேனை. நோர்மன் ஒஸ்போர்ன் என்பவனை, ஸ்பைடர்மேனின் எதிரியை, கொன்றவன் ஸ்பைடர்மேன்தான் என்று ஊரே நம்பியது, பனிஷரும் நம்பினான். உண்மையில் ஒஸ்போர்ன் செத்தது தன்னுடைய பறக்கும் வாகனத்திலேயே குத்துப்பட்டு.

பனிஷரை ஏவிவிட்டவன் ஜாக்கல் என்ற பச்சை உருவம். பிற்பாடு முகமூடி கழன்றபோது அது ஒரு பேராசிரியர். 1973இல் இறந்துபோன க்வென் ஸ்டேசி என்ற மாணவியின் மேல் பித்தாக இருந்து, அவளுடைய சாவுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று வன்மம் வளர்த்தவர். ஆக, கொலைகாரக் காவலனும் பழிதீர்க்க வந்த எதிரியும் ஒரே இதழில், ஒருவன் கை, மற்றவன் மூளையாக வந்துவிட்டார்கள். பெயரைக் கொடுத்தவன் ஒருவன், விசையை அழுத்த வந்தவன் இன்னொருவன். கடைசியில் தன்னைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அறிந்து பனிஷர் ஒதுங்கிப் போகிறான். பின்னால் அவனுக்கென்று தனி இதழ்கள் வந்தன, ரசிகர் கூட்டம் வந்தது, குறி தவறாத ஆளாகிவிட்டான். அவனைப் படைத்தவர்கள் முதல் நாளே அவனுக்குப் பிழையான ஆளைத்தான் காட்டினார்கள் என்பதைச் சனம் மறந்துவிட்டது.

பேட்மேன் பக்கம் வேறு கதை. கொல்ல மாட்டேன் என்ற அவருடைய விரதம் பிறவிக் குணம் இல்லை. 1939இல் வந்த ஆரம்பக் கதைகளில் ஆள் துப்பாக்கியும் எடுத்தார், கொலையும் செய்தார். 1940இல் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வர்த் இனிமேல் வேண்டாம் என்று நிறுத்தினார். அதே வருஷம் ஜோக்கரை முதல் இதழிலேயே சாகடிக்க இருந்தார்கள். நல்ல வில்லனை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். ஒழுக்கத்தில் பாதி வியாபாரம், உண்மைதான். உங்கள் குழுவில் தாடி வைத்த தம்பி அன்றைக்கு இதைத்தான் கேட்டார்: "பேட்மேன் ஜோக்கரைக் கொல்லாததற்கு ஒரே காரணம் அடுத்த இதழ் விற்க வேண்டும் என்பதுதானே, அங்கிள்?" நான் சிரித்துச் சமாளித்தேன்.

இப்போது சொல்கிறேன். 1988இல் பேட்மேனின் இளம் கூட்டாளியான ரொபின், அதிலும் இரண்டாவது ரொபினான ஜேசன் டொட், சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று அமெரிக்க வாசகர்களைத் தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். ஒரு அழைப்புக்கு 50 சதம். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. 72 வாக்கு வித்தியாசத்தில் ஜோக்கர் அந்தப் பிள்ளையைக் கொன்றான். 2005இல் அதே ஜேசனை எழுப்பிக் கொண்டுவந்தார்கள், சிவப்பு முகமூடியோடு, துப்பாக்கியோடு, ஆட்களைக் கொல்கிறவனாக. அவன் பேட்மேனிடம், என்னை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கவில்லை. என்னைக் கொன்றவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஜேசனைச் சாகடித்தது ஜோக்கர் மட்டுமா? ஐம்பது சதம் கட்டிப் போட்ட அந்த ஐயாயிரம் வாக்கையும் எந்தக் கணக்கில் வைப்பது? அன்றைக்கு வெள்ளவத்தையில் கைதட்டிய அறுபது பேரைப் பற்றி யோசித்தபோது எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வந்தது.

இனிக் கொழும்புக்கு வருகிறேன். கடதாசிக்கு.

83 ஆடிமாதம் எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது பலமுறை எழுதப்பட்ட விஷயம், நான் புதிதாகச் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். நாங்கள் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் எங்கள் பெயர் ஏறவில்லை, முன்பிருந்த சிங்களக் குடும்பத்தின் பெயரே இருந்தது. எங்கள் படலையைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டில் நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் குசினிக்குள் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தோம். அம்மா என் வாயைப் பொத்திய கையில் வெங்காய வாசம். அடுத்த வாரம் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். பட்டியல் பிழையாக இருந்த ஒரே காரணத்தால்தான் உங்களுக்கு இன்றைக்கு எழுத்துப்பிழை பார்த்துத் தர நான் இருக்கிறேன்.

படக்கதைப் பித்து எனக்கு அங்கேதான் பிடித்தது. இரும்புக்கை மாயாவி, வேதாளர், கிடைத்ததெல்லாம். வேதாளரின் மோதிரத்திலும் மண்டையோடுதான். குத்து வாங்கியவனின் தாடையில் அந்த அடையாளம் அழியாமல் நிற்கும், ஆனால் ஆள் உயிரோடு நிற்பான். பனிஷரின் மண்டையோட்டை முதலில் பார்த்தபோது இது வேதாளரின் சொந்தக்காரனாக்கும் என்றுதான் நினைத்தேன்.

பெரியவனாகிக் கொழும்புக்குத் திரும்பி, இருபது வருஷத்துக்கு மேல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். நீதிமன்றத்தில் எங்களை முதலியார் என்பார்கள். எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம், பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை கூண்டில் ஒரு பொடியன். இருபத்திரண்டு வயதிருக்கும். 14 நாள் விளக்கமறியலில் இருந்துவிட்டுத் தவணைக்கு வந்திருக்கிறான். பிடியாணை இருந்தது ரவீந்திரன் மகன் கந்தசாமிக்கு. கூண்டில் நின்றவன் கந்தசாமி மகன் ரவீந்திரன். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், அலுவலகப் பத்திரங்களில் அது சிலவேளை பின்னால் போகும், சிங்களத்தில் எழுதி ஆங்கிலத்தில் எழுதித் திரும்ப வரும்போது எது தகப்பன் எது பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. பொடியன் பிடிபட்ட நேரத்திலிருந்து தமிழில் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்: "கந்தசாமி எங்கட அப்பா, அவர் செத்து நாலு வருஷம்." கேட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கு என்னிடமும் அதையேதான் சொன்னான், குரல் கம்மிப்போயிருந்தது. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடையாள அட்டையை வாங்கினார், பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். தாய் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு வைத்திருந்தா. எல்லாமாகப் பத்து நிமிடம் இருக்கும்.

நீதிமன்றத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. 14 நாள் ஒரு அப்பாவி உள்ளே இருந்திருக்கிறான், அதற்கு யாரும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதே கட்டடத்தில் பத்து வருஷமாகத் தவணை போடுகிற வழக்குகளையும் பார்த்தேன். சாட்சி செத்துப்போவார், கோப்பு காணாமற் போகும், குற்றவாளி என்று எல்லோருக்கும் தெரிந்தவன் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு படியிறங்குவான். அவனைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு கறுப்பு ஹெல்மெட் தேவைப்பட்டது. அன்றைக்குத் தட்டிய என் கைக்கு அந்தப் படிகள் ஞாபகம் இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் பொடியன் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனான். பிழை என்று தெரிந்த நேரத்தில் திருப்பி அனுப்புவதற்கு ஆள் இருந்தது. உங்கள் கறுப்பு ஹெல்மெட் கடதாசியைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போக மூன்று கட்டம் எடுக்கிறான். மூன்று கட்டத்தில் தாய் எங்கே வந்து பிளாஸ்டிக் பையை அவிழ்ப்பது?

இது கற்பனை ஊருக்கான கேள்வி என்று நினைக்க வேண்டாம். 1976 ஜூன் 23க்குப் பிறகு இந்த நாட்டில் நீதிமன்றத் தீர்ப்பின்படி ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் ஆயுதம் மறைத்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனபோது சந்தேகநபர் சுடப்பட்டார் என்ற செய்தி, ஊரும் பெயரும் மட்டும் மாறி, பல வருஷமாக ஒரே அச்சில் வந்துகொண்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 19 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கடையில் வழக்குக்குக் கொண்டுவரப்பட்ட பாதாள உலக ஆள் ஒருவரை, சட்டத்தரணி உடுப்பில் வந்தவன் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டான். துப்பாக்கி உள்ளே வந்தது பக்கங்கள் குடையப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள். நீங்கள் இப்படி ஒரு கட்டம் வரைந்திருந்தால் மிகைப்படுத்தல் என்று வெட்டியிருப்பேன். அன்று பின்னேரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர், "தொலைஞ்சான், நல்லது" என்றார்கள். ஆனால் சுடச் சொன்னது எதிர்க்கும்பல் என்றே பொலிஸ் சொன்னது. கடதாசியைக் கொடுத்தவனும் அதே தொழில்காரன். பஸ்ஸில் வந்தவர்கள் யாருக்குக் கைதட்டினார்கள்?

போன வாரம் ஏறிய ஓட்டோவில், சாரதிக்குப் பின்னால் பனிஷரின் மண்டையோட்டு ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. இது யார் தெரியுமா தம்பி என்று கேட்டேன். "தெரியாது ஐயா. கண்ணூறு படாமல் ஒட்டினது." எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் தொங்கும் இடத்தில் இதுவும் ஒன்று. சிரித்துவிட்டேன். அமெரிக்காவில் அதே ஸ்டிக்கர் பொலிஸ் வாகனங்களில் ஏறியபோது யாரும் சிரிக்கவில்லை. 2019இல் வந்த ஒரு இதழில் பனிஷரே பொலிஸ்காரர்களின் காரிலிருந்து அதைக் கிழித்து, முன்மாதிரி வேண்டுமென்றால் கப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்று திட்டுகிறான். 2020இல் கொன்வே தன் படைப்பின் சின்னத்தை மீட்க, வெள்ளையர் அல்லாத இளம் ஓவியர்களைக் கொண்டு அதே மண்டையோட்டை வேறு பொருளில் வரையச் சொல்லி ரீசேர்ட் போட்டார். பெற்ற பிள்ளையை ஊர் தூக்கிக்கொண்டு போன பிறகு தகப்பன் பின்னால் ஓடுகிற கதை. உங்கள் ஹெல்மெட்டின் ஸ்டிக்கரும் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். இன்னும் போகவில்லை என்றால் ஒரு கிழமை பொறுங்கள்.

கறுப்பு ஹெல்மெட்டைக் கதையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அவனை நல்லவனாக்கவும் வேண்டாம், கடைசியில் அழவைக்கவும் வேண்டாம். கோபுர உச்சியில் மீனவர் மகள் அந்தத் தேய்ந்த வசனத்துக்குப் பதிலாக, "இந்தக் கடதாசியை உனக்கு யார் தந்தது?" என்று கேட்கட்டும். அவன் சொல்லத் தேவையில்லை. சட்டைப்பைக்குக் கை போனால் போதும். கடதாசியை எழுதியது கையெழுத்துச் சரியாக வராத ஒருவன், பேனையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து எழுதுகிறவன் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். 22ஆம் பக்கத்து விரல்கள் நம்மிடம் இருக்கின்றனவே! இரண்டு எதிரிகளுக்கும் தனித்தனியாக இரண்டு சண்டை வரைவதும் மிச்சம்.

இனி, குறிக்காமல் விட்ட பிழை. 6ஆம் பக்கத்தில் ரயில்வே கார்ட் வீட்டுப் படலையில் பெயர்ப்பலகை வருகிறது: செல்வராசா. 31ஆம் பக்கத்தில் கறுப்பு ஹெல்மெட்டின் கடதாசி முழுக்கட்டத்தில் வருகிறது. அதில் கடைசிப் பெயர், மட்டக்குளியில் தூள் விற்பவன் என்ற குறிப்போடு: செல்வராஜா. இரண்டு பக்கத்துக்கும் எழுத்துப் போட்டவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று நினைக்கிறேன், ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. திருத்த வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு பக்கம் கூட்டுங்கள். இரவு, மழை, படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அவன் பலகையைப் பார்க்கிறான், கடதாசியைப் பார்க்கிறான், திரும்பவும் பலகையைப் பார்க்கிறான். உள்ளே யாரோ விளக்கைப் போடுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் முதலியார் அங்கிள்
வெள்ளவத்தை